‘பிராம்ப்ட்’: ‘தூண்டி’யை விட ‘ஆயத்தக்குறி’ பொருந்தும்

அனைவருக்கும் வணக்கம்.

ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பிக்குள் ஆக்டேவ் என்ற கணிப்பு மென்பொருளின் அமர்வு திறக்காமல் உறைந்து நிற்கும் சிக்கலுக்கான உதவிக் குறிப்பில் ‘பிராம்ப்ட்’ என்பதை, அதாவது அடுத்த கட்டளையை ஏற்கத் தயார் என்று நிரல் காட்டும் குறியை, தமிழில் எப்படி எழுதுவது என்ற கேள்விக்கு ‘தூண்டி’, ‘கட்டளைக்குறி’ என இரண்டு பரிந்துரைகள் வந்துள்ளன. இரண்டுமே விசைப்பலகை முன் அமர்ந்திருப்பவரை மட்டும் மனத்தில் வைத்து அமைந்தவை. ஆனால் இந்தக் குறிப்பில் அந்த ‘ஆக்டேவ்:1>’ என்ற குறியை முதலில் படிப்பது மனிதர் அல்லர், ஈமாக்ஸ்தான்.

ஈமாக்ஸ் ஆக்டேவைத் தன் கீழ் ஒரு தனிச் செயலாக இயக்கிக் கட்டளையை அனுப்பிவிட்டு, விடை முழுவதும் வந்துவிட்டதா என்பதை அறிய வெளியீட்டின் கடைசியில் அந்தக் குறி தோன்றுகிறதா என்று ஒரு சுருங்குறித்தொடரை (எழுத்துகளின் அமைப்பை விவரிக்கும் ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’) கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கிறது. கணக்கு முடிந்ததற்கு அதற்குக் கிடைக்கும் அடையாளம் அது ஒன்றே. ஒருவர் தம் ஆக்டேவ் தொடக்கக் கோப்பில், அந்தக் குறியின் வடிவத்தை முடிவுசெய்யும் பிஎஸ்1 மதிப்பை மாற்றி, ‘>’ என்பதற்குப் பதிலாக டாலர் குறியில் முடியும்படி அமைத்திருந்தால், முனையத்தில் ஆக்டேவை நேரடியாக இயக்கும்போது எந்தக் குறையும் தெரியாது. ஈமாக்ஸோ வராத குறிக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். கண்ட்ரோல்-ஜி அழுத்தினால் திரை மீளும், அமர்வு பயன்படாது. இங்கே ஆக்டேவ் பழுதாகவில்லை, அது ஆயத்தமாக இருக்கும் செய்திதான் போய்ச் சேரவில்லை. ‘தூண்டி தென்படவில்லை’ என்று எழுதினால் இந்தக் காரணம் வாசகருக்குப் புலப்படாது. ‘ஆயத்தக்குறியை ஈமாக்ஸால் அடையாளம் காண இயலவில்லை’ என்றால் எங்கே பார்க்க வேண்டும் என்பதும் உடனே விளங்கிவிடும். போதாக்குறைக்கு, செயற்கை நுண்ணறிவுக்கு நாம் இடும் கேள்வியையும் இப்போது பலர் ‘தூண்டி’ என்றே எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் சுட்டப்படும் இன்னொன்றையும் பிரித்துவிட வேண்டும். ஆக்டேவின் ‘இன்புட்’ என்ற செயற்கூறு (ஃபங்ஷன்) பயனரிடம் மதிப்பைக் கேட்கும்போது காட்டும் வாசகம் ஆயத்தக்குறி ஆகாது. அப்போது நிரல் பாதி வழியில் நிற்கிறது. யாரேனும் அந்த வாசகத்தையே வெறும் ‘> ’ என்று வைத்துவிட்டால், கட்டளை முடிந்துவிட்டதாக ஈமாக்ஸ் எண்ணிவிடக்கூடும். இதனை ‘வினவுரை’ எனலாம்.

பிஎஸ்1 போன்ற இன்னோர் அமைப்பான பிஎஸ்2 தருவது, அதாவது அடைப்பு மூடாத வரியை அடுத்து வருவது, ‘தொடர்குறி’. பைத்தானின் மூன்று புள்ளிகளுக்கும் ஆர் மொழியின் கூட்டல் குறிக்கும் இதே பெயர் செல்லும்.

‘ஆயத்தம்’ வடசொல் என்ற மறுப்பு வரும் என்பதை அறிவேன். அதே பொருள் தரும் ‘அணியம்’ கொண்டு ‘அணியக்குறி’ என்று மாற்றலாம்தான். ஆனால் உறைந்த திரையின் முன் அமர்ந்து குறிப்பைத் தேடுபவர் ‘அணியம்’ என்பதற்கு அகராதியைப் புரட்ட நேரும். பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சொல்லையே நான் விரும்புகிறேன்.

வழுவைத் தேட நிரலை இடையில் நிறுத்தும் நிறுத்தப்புள்ளியில் தோன்றும் ‘டீபக்>’ என்பதற்கு மட்டும் முடிவு எட்டவில்லை. ‘வழுநீக்க ஆயத்தக்குறி’ பொருளில் சரி, நாவில் நீளம். அங்கும் ஆக்டேவ் கட்டளை ஏற்கும் நிலையில்தான் இருக்கிறது என்பதால் ‘ஆயத்தக்குறி’யை விடாமல் முன்னொட்டைச் சுருக்க வழி உண்டா என்று உறுப்பினர்கள் சொல்ல வேண்டுகிறேன்.