காபிக்குச் சர்க்கரை வேண்டாம், பவுடர் மட்டும் மூன்று கரண்டி

கும்பகோணம், மருந்துக்கடையிலிருந்து:

மாதாமாதம் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை வாங்க வரும் பெரியவர் ஒருவர், கூடவே ஒரு டப்பா மால்ட் பவுடரும் எடுத்துக்கொள்வார். பேரனுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். "எனக்குத்தான் தம்பி, உடம்பு இளைச்சுப்போச்சுல்ல" என்றார். காபியில் சர்க்கரையை விட்டு வருஷக்கணக்காகிறதாம். டப்பாவைத் திருப்பிக் காட்டினேன். எது எடையில் அதிகமோ அது பட்டியலில் முதலில் வர வேண்டும் என்பது விதி. தானியமும் மால்ட்டும் முதலில், அடுத்ததே சர்க்கரை. "சத்துன்னுல்ல போட்டிருக்கான்!" என்றார்.

2024 ஏப்ரலில் மத்திய அரசு, இந்த மாதிரி பவுடர்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் காட்டாதீர்கள் என்று இணைய விற்பனை நிறுவனங்களுக்குச் சொன்னது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. ஆனால் கடையில் கேட்பவர்கள் இன்னும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

சேலத்திலிருந்து:

எங்கள் வீட்டில் வேறு கதை. அம்மா குடிப்பது சர்க்கரைக்காரர்களுக்கென்றே விற்கும் பவுடர், விலையும் அதற்கேற்ப. தனியாகச் சர்க்கரை சேர்க்கவில்லை, சரி. ஆனால் மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் இருந்தது. ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில் அது சர்க்கரைக்குச் சளைத்ததல்ல. கலக்குகிற பாலிலும் 200 மில்லிக்குச் சுமார் 10 கிராம் லாக்டோஸ், அதாவது பாலுக்கே உரிய சர்க்கரை, இருக்கிறது. டயட்டீஷியன் எடுத்ததுமே, "இதைக் குடிச்சா எத்தனை இட்லியைக் குறைக்கிறீங்கம்மா?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நாலு இட்லி நாலாகவேதான் இருந்தது. குடிப்பதை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதுதான் வம்பு. இப்போது ராத்திரி பவுடர் குடித்தால் தோசை ஒன்றோடு சரி.

தேனியிலிருந்து:

டப்பாவை விட்டுவிட்டுச் சத்துமாவுக்கு மாறினால் போதும் என்று நினைப்பவர்களுக்காக இது. அப்பா கேழ்வரகுக் கஞ்சிக்கு மாறினார். சிறுதானியம்தானே என்று பெரிய சொம்பு நிறைய. இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால் இட்லி சாப்பிட்ட நாளைவிடக் கூடுதலாகவே காட்டியது. நைசாக அரைத்த மாவைக் குழையக் காய்ச்சிக் குடித்தால் சட்டென்று செரித்துவிடும், சர்க்கரையும் வேகமாக ஏறும். இப்போது ஒரு டம்ளர்தான், மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெல்லம் போட்டுக் கேட்கிறார். அம்மாவோடு அன்றைக்கெல்லாம் மல்லுக்கட்டுதான்.