ரோஸியும் ராதாவும்: வஹீதா ரஹ்மானைத் திரையில் சந்தித்தவர்களின் அனுபவப் பகிர்வு

செங்கல்பட்டிலிருந்து ஒரு பரதநாட்டிய ஆசிரியை:

இந்தித் திரைப்பட நடிகை வஹீதா ரஹ்மானை ஹைதராபாத்காரர் என்றே பலரும் எழுதிவருகிறார்கள். அவர் 1938 பிப்ரவரி 3 அன்று பிறந்தது எங்கள் செங்கல்பட்டில். தந்தை சென்னை மாகாண அரசில் அதிகாரியாக இருந்ததால், பணிமாற்றம் நேர்ந்த ஊர்களுக்கெல்லாம் குடும்பமும் உடன் சென்றது. பரதம் கற்க விரும்பிய அந்த இஸ்லாமியச் சிறுமியை ஏற்க ஆசான் முதலில் தயங்கினார் என்றும், ஜாதகம் கேட்டார் என்றும், ஜாதகமே இல்லாத வீட்டுப் பெண் என்பதால் தாமே ஒன்றைக் கணித்துப் பார்த்த பிறகு சேர்த்துக்கொண்டார் என்றும் வஹீதா நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார்.

நான் அவரை அறிந்தது 1965ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கைடு’ படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தபோதுதான். ஆர். கே. நாராயணின் நாவலை விஜய் ஆனந்த் இயக்கியிருந்தார். தேவதாசி மரபில் பிறந்த ரோஸி, கௌரவமான வாழ்வு கிடைக்கும் என்று நம்பி ஓர் ஆய்வாளரை மணக்கிறாள். அவரோ குகைச் சிற்பங்களில் இருக்கும் நடனப் பெண்களை வியந்து பார்ப்பார், வீட்டில் இருக்கும் மனைவி ஆடுவதைப் பொறுக்கமாட்டார். பாம்பாட்டிகளின் இடத்தில் ரோஸி ஆடத் தொடங்கும் காட்சியை நான் என் மாணவிகளுக்குப் பலமுறை போட்டுக் காட்டியிருக்கிறேன். அது தூய பரதம் அல்ல. திரைக்கென்று அமைத்த ஆட்டம். ஆனாலும் கழுத்தின் அசைவிலும், கண் முதலில் சென்று கை பின்னால் போகும் அந்த ஒழுங்கிலும், சிறுவயதில் பெற்ற பயிற்சி தெளிவாகத் தெரிகிறது. பாடலோ வசனமோ இல்லாமல், ஆடாமல் வாழ முடியாத ஒருத்தியின் தவிப்பை உடலைக் கொண்டே சொல்லிவிடுகிறார். கணவரை விட்டு வெளியேறும் பெண்ணாக நடித்தால் ரசிகர்கள் வெறுத்துவிடுவார்கள் என்று அன்று அவரைப் பலர் எச்சரித்தார்களாம். அவர் துணிந்து ஏற்றார். சிறந்த நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருதும் அந்த வேடத்துக்கே கிடைத்தது.

பழைய படங்களைத் தேடிப் பார்க்கும் ஒரு ரசிகர்:

அம்மா, தாங்கள் நடனத்தைப் பற்றி எழுதியது என்னை 1955ஆம் ஆண்டின் ‘ரோஜுலு மாராயி’ என்ற தெலுங்குப் படத்துக்கு அழைத்துச் சென்றது. அதில் அவருக்கு ஒரே ஒரு பாட்டுக்கு ஆட்டம்தான். தமிழில் ‘காலம் மாறிப்போச்சு’, எம்.ஜி.ஆரின் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ ஆகியவற்றிலும் அப்படித்தான் வந்துபோனார். ஹைதராபாத்தில் ஒரு விநியோகஸ்தரின் அலுவலகத்தில் அமர்ந்திருந்த இந்தித் திரைப்பட இயக்குநர் குரு தத், வெளியே அந்த ஆட்டக்காரப் பெண்ணைப் பார்க்கக் கூட்டம் திரண்டதைக் கண்டு விசாரித்தார். அந்தப் பெண் நன்றாக உருது பேசுவார் என்று அறிந்ததும் சந்திக்க விரும்பினார்.

வஹீதாவின் வாழ்க்கையில் நான் மிகவும் மதிப்பது அதற்கடுத்த நிகழ்ச்சியை. பம்பாயில் குரு தத்தின் நிறுவனத்துடன் ஒப்பந்தம் பேசியபோது, பெயர் நீளமாக இருக்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். நர்கிஸ், மதுபாலா, மீனா குமாரி எல்லோரும் மாற்றிக்கொண்டவர்களே என்று எடுத்துக்காட்டினார்கள். பதின்வயதைத் தாண்டாத அந்தப் பெண், பெற்றோர் வைத்த பெயரை மாற்ற மாட்டேன் என்றார். பிடிக்காத உடையை அணிய மாட்டேன் என்பதையும் ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொன்னார். சட்டப்படி கையெழுத்திடும் வயதுகூட ஆகாததால் அவருடைய தாயார் கையெழுத்திட்டார். தந்தையை இழந்த குடும்பம். வருமானம் தேவைப்பட்ட நேரம். அந்த நிலையில் நின்று இப்படிப் பேசியிருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

‘சி.ஐ.டி.’ 1956இல் வந்தது. அடுத்த ஆண்டு ‘பியாசா’. அதில் வரும் குலாபோ, கவிஞனின் கைவிடப்பட்ட தாள்களைப் பத்திரப்படுத்தும் பாலியல் தொழிலாளி. உலகமே அந்தக் கவிஞனைப் புறக்கணிக்கும்போது, அவன் எழுத்தின் மதிப்பை அறிந்த ஒரே வாசகி அவள்தான் என்று நான் எப்போதும் நண்பர்களிடம் சொல்வேன். ‘காகஸ் கே பூல்’ அன்று ஓடவில்லை, இன்று போற்றப்படுகிறது. 1962இல் சத்யஜித் ராய் தமது ‘அபிஜான்’ படத்துக்கு அவரை அழைத்தபோது, வங்காளப் படம் என்று தயங்காமல் சென்று நடித்தார்.

ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்:

தாங்கள் இருவரும் எழுதாத ஒரு படத்தைச் சொல்ல வேண்டும். அசித் சென் இயக்கிய ‘காமோஷி’. மனநல மருத்துவமனையில் பணிபுரியும் ராதா என்ற செவிலியிடம், நோயாளியைக் காதலிப்பதுபோல் பழகிக் குணப்படுத்துமாறு தலைமை மருத்துவர் சொல்கிறார். ஒருவர் குணமடைந்து தம் வழியே போய்விடுகிறார். ராதாவின் அன்பு மட்டும் பொய்யாக இருக்கவில்லை. மனம் உடைந்த நிலையிலேயே இரண்டாவது நோயாளியையும் ஏற்க நேர்கிறது. இப்படிப்பட்ட சிகிச்சைக்கு மருத்துவத்தில் இடமே இல்லை, இருக்கவும் கூடாது. ஆனால் பிறர் துன்பத்தை நாள்தோறும் சுமக்கிறவளின் துன்பத்தை யாரும் கேட்பதில்லை என்ற உண்மையை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன வேறொரு படத்தை நான் பார்த்ததில்லை.

ஹேமந்த் குமார் பாடும் ‘தும் புகார் லோ’ பாடலில் வஹீதாவுக்கு வசனமே கிடையாது. அவருடைய நடையும் முகமும் மட்டும்தான். வெள்ளைச் சீருடையில், வேலைக்கிடையே மனத்தை அடக்கிக்கொண்டு நடக்கும் அந்த நடை, இரவுப் பணியில் வார்டுகளில் நடந்த எங்களுக்கு நன்கு பழகியது. இறுதியில் தாம் பணிபுரிந்த இடத்திலேயே ராதா நோயாளியாகும்போது வஹீதா கதறித் தீர்க்கவில்லை. குரலைத் தாழ்த்தியே நடித்தார்.

அவருக்குத் தேசிய விருது கிடைத்தது 1971ஆம் ஆண்டின் ‘ரேஷ்மா அவுர் ஷேரா’ படத்துக்காக. திருமணத்துக்குப் பிறகு பெங்களூரில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். 2018இல் ‘விஸ்வரூபம் 2’ படத்தில், மகனையே அடையாளம் காண முடியாத தாயாக அவரைக் கண்டபோது, மறதி நோயாளிகளைக் கவனித்துப் பழகிய என் கண்ணுக்கு அந்தப் பார்வையில் ஒரு பிழையும் தெரியவில்லை. 2023இல்தான் தாதாசாகேப் பால்கே விருது அவருக்கு வழங்கப்பட்டது. ‘காமோஷி’ வந்த காலத்திலேயே அவர் அதற்குத் தகுதி பெற்றுவிட்டார் என்பது என் கருத்து.