சந்தேகம்: காரின் எஸ்ஓஎஸ் சந்தாவைப் புதுப்பிக்கலாமா? சிவப்பு விளக்கு வேறு எரிகிறது

மன்னைப்பக்கம்:
அப்பா ஓட்டும் காரில் கண்ணாடிக்கு மேலே இருக்கும், ஆபத்தில் உதவிக்கு அழைக்கும் எஸ்ஓஎஸ் பட்டனுக்கு மூன்று வருட இலவசக் காலம் அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்க 2,500 ரூபாய், 18% ஜிஎஸ்டி சேர்த்து 2,950 கேட்கிறார்கள். அப்பாவுக்கு வயது 67. வாரம் இரண்டு தடவை மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் போவார், தனியாக. திரும்பும்போது இருட்டிவிடும். போன வாரம் பேட்டரி மாற்றியதிலிருந்து பட்டனுக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. பணம் கட்டலாமா, 108 போதுமா?

வெட்டாற்றங்கரை:
முதலில் அந்தப் பட்டன் யாரைக் கூப்பிடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பாவில் 2018 மார்ச் 31-க்குப் பிறகு அனுமதி பெற்ற புதுக் கார் மாடல்களில் விபத்து அழைப்பு நேராக 112-க்குப் போகும், சந்தா கிடையாது. இங்கே அப்படிக் கட்டாயம் இல்லை. ஏர்பேக் வெடித்தால் அதன் கண்ட்ரோல் யூனிட் தகவல் கொடுக்கும், காருக்குள் இருக்கும் சிம் தனியார் கால் சென்டரைக் கூப்பிடும். அவர்கள் காரில் இருப்பவரிடம் பேசிப் பார்த்துவிட்டு, பதிவு செய்த வீட்டு எண்களையும் ஆம்புலன்ஸையும் அழைப்பார்கள். நடுவில் ஒரு கை இருப்பதால் சில நிமிடம் போகும்.

நினைவோடு இருக்கும் ஆளுக்கு இதனால் பெரிய லாபம் இல்லை. போனில் 112 (நம் நாட்டிலும் அவசர எண் அதுதான்) அடித்தால், சொந்த சிம்முக்கு சிக்னல் இல்லாவிட்டாலும் அங்கே கிடைக்கும் வேறு நிறுவனத்தின் டவர் வழியாகப் போகும். காரின் சிம் கால் சென்டரைக் கூப்பிடுவது சாதாரண அழைப்பு, அதற்கு அந்தச் சலுகை இல்லை. அதன் நிறுவனத்துக்கு டவர் இல்லாத இடத்தில் பட்டன் வெறும் பிளாஸ்டிக்.

ஆனால் ஓட்டுபவர் தனியாக இருந்து மயங்கிவிட்டால் கணக்கே வேறு. தலைஞாயிறு, வாய்மேடு பக்கம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எத்தனை வண்டி வரும்? உங்கள் அப்பா விஷயத்தில் சந்தாவுக்கு நியாயம் இருக்கிறது, அவர் போகும் பாதையில் சிக்னல் இருந்தால் மட்டும். எந்த நிறுவனத்தின் சிம் என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். அதே நிறுவன சிம் போட்ட போனோடு அந்தப் பாதையில் ஒருமுறை போய் வாருங்கள். 2,950 அதற்குப் பிறகு.

ஆட்டோ எலக்ட்ரிக் டெல்டா:
சிவப்பு விளக்கைப் பற்றி. பேட்டரி மாற்றியவுடன் வந்தது என்றால் எஸ்ஓஎஸ் யூனிட் இன்னும் மொபைல் நெட்வொர்க்கில் சேரவில்லை என்பதுதான் முதல் சந்தேகம். வண்டியைப் பூட்டி, சாவியை எட்ட வைத்துவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். பிறகு ஷெட்டுக்கு வெளியே, வானம் தெரியும் இடத்தில் பத்து நிமிடம் ஓட விடுங்கள். பெரும்பாலும் பச்சை வந்துவிடும்.

வரவில்லையா, ஃபியூஸைப் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் ஸ்கேனர் போட்டு, வண்டியில் பதிவாகியிருக்கும் பிழைக் குறியீட்டை எடுக்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் விபத்தில் மெயின் பேட்டரி அறுந்தாலும் பேசுவதற்காக யூனிட்டுக்குள் ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அது சில வருடத்தில் தளர்ந்துவிடும். சில வண்டியில் அதை மட்டும் மாற்றலாம், சிலவற்றில் யூனிட்டோடுதான் மாற்ற வேண்டும், செலவு சந்தாவைத் தாண்டிவிடும். அதனால் விளக்குப் பச்சையாகும்வரை பணம் கட்டாதீர்கள். வேதாரண்யம் உப்புக்காற்றில் ஓடும் வண்டி என்பதால் கூரை ஆன்டெனாவின் கனெக்டரில் பச்சைத் துரு பூத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஸ்டீரியோ மாற்றியிருக்கிறீர்களா? மைக், ஸ்பீக்கர் வயர் அங்கே விட்டுப்போனால் அழைப்பு போகும், குரல் கேட்காது.

புதாறு:
வெட்டாற்றங்கரை சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். பெரும்பாலும் ஏர்பேக் வெடித்தால்தான் தானாக அழைக்கும். பின்னால் லாரி இடித்தாலோ, வண்டி மெதுவாகச் சரிந்து வாய்க்காலில் இறங்கினாலோ ஏர்பேக் வெடிக்காமல் போகலாம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்துவிட்டால் நம் ஆற்றங்கரைச் சாலைகளில் இதுதான் பெரிய ஆபத்து. ஆன்டெனா தண்ணீருக்குள் போனால் சிக்னலும் போச்சு.

தண்ணீரில் விழுந்தால் பட்டனையோ போனையோ தேடவே கூடாது. பெல்ட்டைக் கழற்று, பக்கக் கண்ணாடியை இறக்கு, வெளியே வா. பவர் விண்டோ வேலை செய்வது முதல் சில நொடிகள்தான். கதவைத் தள்ளிக்கொண்டு நேரத்தை விடக்கூடாது, வெளித் தண்ணீரின் அழுத்தம் திறக்க விடாது. கண்ணாடி இறங்காவிட்டால் கூர்முனைச் சுத்தியலால் பக்கக் கண்ணாடியின் மூலையில் அடிக்க வேண்டும். முன் கண்ணாடியில் நடுவில் பிளாஸ்டிக் படலம் இருக்கிறது, உடைந்தாலும் வழி விடாது. சில கார்களில் பக்கக் கண்ணாடியும் இப்போது அப்படித்தான் வருகிறது, கண்ணாடி மூலையில் அச்சடித்திருப்பதைப் பாருங்கள். சுத்தியல் டேஷ்போர்டு பெட்டிக்குள் இருந்தால் பயனில்லை, ஓட்டுபவர் கைக்கு எட்ட இருக்க வேண்டும். சந்தா கட்டுகிறீர்களோ இல்லையோ, இதை இன்றைக்கே வாங்கி வையுங்கள்.

மன்னைப்பக்கம்:
நன்றி அண்ணா. அரை மணி நேரம் பூட்டி வைத்து ஓட்டியதில் விளக்குப் பச்சையாகிவிட்டது. ஸ்டீரியோ கம்பெனியோடு வந்ததுதான். பாதையில் பார்த்ததில் திருத்துறைப்பூண்டி வரை சிக்னல் நன்றாக இருக்கிறது. ஆயக்காரன்புலம் தாண்டி இரண்டு இடத்தில் மட்டும் போய்ப் போய் வருகிறது. வண்டி நின்றுபோனால் இழுத்துப் போவதும் இதில் வருமா?

வெட்டாற்றங்கரை:
அது வேறு சேவை. இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது சாலையோர உதவி என்று தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம், செலவு குறைவு. எத்தனை கிலோமீட்டர் வரை இலவசமாக இழுப்பார்கள், வருடத்துக்கு எத்தனை தடவை என்று எழுத்தில் கேளுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 இருக்கிறது.

உங்கள் பாதையில் சிக்னல் அவ்வளவு இருக்கிறது என்றால் ஒரு வருடத்துக்கு மட்டும் கட்டுங்கள், மூன்று வருடத் திட்டம் வேண்டாம். கார் கம்பெனியின் ஆப்பில் அவசரத் தொடர்பு எண்களைச் சரிபாருங்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் எண்ணை முதலில் போடாமல் மன்னார்குடியில் இருப்பவர் எண்ணைப் போடுங்கள். அப்பாவின் போன் ஐபோன் 14-ஓ அதற்குப் பிந்தையதோ, புதிய பிக்சலோ என்றால் விபத்து கண்டறியும் வசதி அதிலேயே உண்டு, செட்டிங்ஸில் இயங்குகிறதா என்று பாருங்கள்.

108-ஐ அழைப்பவர் இடம் சொல்லத் தடுமாறுவதிலேயே நேரம் போய்விடும். கிலோமீட்டர் கல்லின் எண், பாலத்தில் எழுதியிருக்கும் எண், வாய்க்காலின் பெயர், இந்த மூன்றில் ஒன்றைச் சொல்ல அப்பாவைப் பழக்குங்கள். அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரத்துக்கு வரம்புக்கு உட்பட்டு இலவச சிகிச்சை உண்டு. அந்தப் பாதையில் எவை சேர்ந்திருக்கின்றன என்று இப்போதே குறித்து வையுங்கள்.