பாதி முறுக்கில் திணறல்: மெயின் ஜெட்டை மாற்றியும் பயனில்லை, அடுத்து எதைத் தொடுவது?

பழைய இரும்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1980களில் தயாரான ஒற்றை சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள். அதில் இருப்பது மிக்குனி வி.எம். வகைக் கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பகுதி), ஆக்ஸிலரேட்டர் கேபிள் வட்ட ஸ்லைடை (காற்று வழியைத் திறந்து மூடும் உருளையை) நேரடியாகத் தூக்கும் பழைய அமைப்பு. எனக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரின் வாயிலேயே மாட்டும் திறந்த ஃபில்டர் ஒன்றைப் பொருத்தியிருக்கிறார். சைலன்சரும் வண்டியோடு வந்தது அன்று. உள்ளே தடுப்பு குறைந்த, சத்தம் கூடிய ஒன்று.

ஆக்ஸிலரேட்டரைக் கால் பங்கிலிருந்து பாதி வரை முறுக்கி ஒரே சீராக ஓட்டும்போது, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்து விடுவதுபோல வண்டி விட்டு விட்டு இழுக்கிறது. முழுவதுமாக முறுக்கினால் அந்தத் திணறல் மறைந்துவிடுகிறது. ஆக்ஸிலரேட்டரை முற்றிலும் விட்ட பிறகும் இன்ஜின் ஐடிலிங் வேகத்துக்கு (முறுக்காதபோது ஓடும் குறைந்த வேகத்துக்கு) உடனே இறங்குவதில்லை. உயரத்திலேயே சிறிது நேரம் நின்று, பிறகு மனமில்லாமல் இறங்குகிறது. அப்படி இறங்கும்போது சைலன்சரில் பட்பட்டென்று வெடிப்பும் கேட்கிறது.

ஃபில்டரும் சைலன்சரும் திறந்துவிட்டதால் கலவை லீன் (காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்தது) ஆகியிருக்கும் என்று பலரும் கூறியதைக் கேட்டு, மெயின் ஜெட்டை (முழு முறுக்கில் பெட்ரோலை அளக்கும் துளையிட்ட பித்தளைத் திருகை) 95இலிருந்து 110க்கு மாற்றினேன். பாதி முறுக்கில் இருந்த திணறல் அப்படியே இருக்கிறது. முழு முறுக்கில் மட்டும் இப்போது இன்ஜின் கனத்து ஓடுகிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நடுவிலுள்ள பீங்கான் வெளுத்திருக்கிறது, ஓர வளையமோ கரி படிந்து கறுத்திருக்கிறது. இதை லீன் என்று கொள்வதா, ரிச் (பெட்ரோல் மிகுந்தது) என்று கொள்வதா? அடுத்து நீடிலை (ஸ்லைடிலிருந்து தொங்கும் கூம்பு ஊசியை) உயர்த்த வேண்டுமா, பைலட் ஜெட்டை (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் சிறிய ஜெட்டை) மாற்ற வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கால்முறுக்கு எழுதியது:

வணக்கம் நண்பரே. உங்கள் பிளக் பொய் சொல்லவில்லை. இரண்டு வேறு முறுக்குகளில் ஓடிய கதையை ஒரே முகத்தில் எழுதிக் காட்டுகிறது. பாதி முறுக்கில் லீனாகவும், 110 ஜெட் போட்ட பிறகு முழு முறுக்கில் ரிச்சாகவும் ஓடுகிற வண்டியின் பிளக் இப்படித்தான் இருக்கும். எல்லா வேகத்திலும் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்க்கும் பிளக்கைக் கொண்டு ஜெட் தேர்ந்தெடுக்க இயலாது.

கார்புரேட்டரின் எந்தப் பகுதி பெட்ரோல் ஊட்டுகிறது என்பதைத் தீர்மானிப்பது வண்டியின் வேகமோ கியரோ அன்று, ஸ்லைடு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதுதான். மூடிய நிலையிலிருந்து ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டும் அதற்கான காற்றை அளக்கும் ஏர் ஸ்க்ரூவும் ஆள்கின்றன. அங்கிருந்து கால் பங்கு வரை ஸ்லைடின் அடியில் ஃபில்டர் பக்கமாக வெட்டியிருக்கும் சாய்வுக்குப் பங்கு உண்டு. ஸ்லைடில் பொறித்திருக்கும் 2.0, 2.5 போன்ற எண் அந்த வெட்டின் உயரத்தை மில்லிமீட்டரில் குறிக்கிறது, எண் கூடினால் கலவை லீன் ஆகும். கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை நீடிலும் அது நுழைந்து நிற்கும் நீடில் ஜெட்டும் அளவைத் தீர்மானிக்கின்றன. மெயின் ஜெட்டின் சொல் முழுமையாகச் செல்லுபடியாவது முக்காலுக்கு மேல்தான். ஆகவே பாதி முறுக்கிலுள்ள குறைக்கு மெயின் ஜெட்டை மாற்றியதில் மாற்றம் தெரியாமல் போனது இயல்பே.

ஆக்ஸிலரேட்டர் பிடியின் மேல் ஒரு கோடும், அசையாமல் நிற்கும் சுவிட்ச் பெட்டியின் மேல் மூடியது, கால், அரை, முக்கால், முழுது என்று அடையாளமிட்ட ஒட்டுத்தாளும் இருந்தால், திணறல் எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிகிறது என்பதை உறுதியாகக் கூற முடியும். பாதி முறுக்கு என்று கை நினைப்பது பெரும்பாலும் கால் முறுக்காகத்தான் இருக்கும்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்பு, ஐடிலிங் இறங்காமல் நிற்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பது என்னை நிறுத்துகிறது. கேபிள் சிக்காமல் ஸ்லைடு முழுவதும் கீழே அமர்கிறது என்றால், அது பெரும்பாலும் கார்புரேட்டரைத் தாண்டிய பிறகு எங்கிருந்தோ காற்று கள்ளத்தனமாக நுழைகிறது என்பதற்கான அடையாளம். கார்புரேட்டரையும் சிலிண்டர் ஹெட்டையும் இணைக்கும் ரப்பர் இத்தனை ஆண்டுகளில் காய்ந்து வெடித்திருக்கலாம்; இணைப்பை அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தட்டையாகியிருக்கலாம். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது இணைப்பைச் சுற்றிலும் மெல்லிய நீர்த்தூவலைத் தெளித்துப் பாருங்கள். ஓரிடத்தில் தெளித்தவுடன் ஐடிலிங் மாறினால் ஓட்டை அங்கேதான். சிலர் இதற்குப் பெட்ரோலையோ கார்புரேட்டர் கிளீனரையோ தெளிக்கச் சொல்வார்கள். சூடான இன்ஜின்மேல் அதைச் செய்வது தீயோடு விளையாடுவதாகும். டேப்பெட் இடைவெளியையும் (வால்வுக்கும் அதை அழுத்தும் பகுதிக்கும் உள்ள இடைவெளி) இக்னிஷன் டைமிங்கையும் (பிளக்கில் தீப்பொறி விழும் நேரம்) சரிபார்த்துவிட்டு, இந்த ஓட்டையையும் அடைத்த பிறகுதான் ஜெட் பெட்டியைத் திறக்க வேண்டும். ஓட்டையை வைத்துக்கொண்டு தேர்ந்தெடுக்கும் ஜெட், அந்த ஓட்டைக்குப் பொருத்தமான ஜெட்டாகவே இருக்கும். ரப்பரை மாற்றிய அன்றே அது தவறாகிவிடும்.

மிதவை மட்டம் எழுதியது:

மேலே எழுதியிருப்பதை ஏற்கிறேன். ஆயினும் ஒரு படி விடுபட்டிருக்கிறது: மிதவைக் கிண்ணத்திலுள்ள (கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் சிறு தொட்டி) பெட்ரோலின் மட்டம். எல்லா ஜெட்டுகளும் அந்த மட்டத்திலிருந்துதான் பெட்ரோலை உறிஞ்சுகின்றன. மட்டம் தாழ்ந்தால் எல்லா முறுக்கிலும் லீன், உயர்ந்தால் எல்லா முறுக்கிலும் ரிச். கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் திருகின் இடத்தில் ஒளி ஊடுருவும் குழாய் ஒன்றைப் பொருத்தி, அதைக் கார்புரேட்டரின் பக்கவாட்டில் உயர்த்திப் பிடித்தால் உள்ளே இருக்கும் மட்டம் வெளியே தெரியும். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் கூறும் அளவோடு அதை ஒப்பிடுங்கள். மாற்ற வேண்டியிருந்தால் மிதவையின் சிறு நாக்கை மட்டும் மிக மெதுவாக வளைக்க வேண்டும்.

ஜெட் எண்களைப் பற்றியும் ஒன்று கூற விரும்புகிறேன், ஏனெனில் இதில் குழம்புகிறவர்கள் மிகப் பலர். மிக்குனியின் அறுகோணத் தலை மெயின் ஜெட்டிலுள்ள எண், பெட்ரோல் பாயும் அளவைக் குறிப்பது. கேஹின் என்ற இன்னொரு கம்பெனியின் ஜெட்டிலுள்ள எண் துளையின் விட்டத்தைக் குறிப்பது, அதாவது 100 என்றால் 1.00 மில்லிமீட்டர். பாயும் அளவு 100இலிருந்து 110 ஆனால் கூடுவது 10 சதவீதம். துளையின் விட்டம் 100இலிருந்து 110 ஆனாலோ பரப்பு 21 சதவீதம் கூடிவிடுகிறது, ஏனெனில் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே ஒரு கார்புரேட்டருக்குக் கூறப்பட்ட எண்ணை இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜெட் கிடைக்கவில்லை என்று துளையைக் கம்பியாலோ டிரில்லாலோ பெரிதாக்குகிறவர்களைப் பற்றி என்னால் மரியாதையாக எழுத இயலவில்லை. பித்தளை மென்மையானது, அடைப்பை எடுக்கக்கூடக் கிளீனரும் அழுத்தக் காற்றும் போதும்.

மேலும், பழைய வண்டியில் நீடில் ஜெட்டைச் சந்தேகிக்காமல் விடாதீர்கள். நீடில் அதிர்ந்து அதிர்ந்து உரசி, வட்டத் துளை நீள்வட்டமாகிவிடும். மிக்குனி நீடில் ஜெட்டின் குறியீட்டில் எழுத்து ஒரு படி மாறினால் 0.05 மில்லிமீட்டரும், எண் ஒரு படி மாறினால் 0.005 மில்லிமீட்டரும் வேறுபாடு. இவ்வளவு நுண்மையாகப் பிரித்து விற்கப்படும் பொருளில் கண்ணுக்குத் தெரியும் தேய்மானம் எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். அப்படித் தேய்ந்தால் பாதி முறுக்கில் ரிச் ஆகும். உங்களுடையது அதற்கு எதிரான நோய் என்றே தோன்றுகிறது, இருந்தாலும் கழற்றும்போது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

பழைய இரும்பு எழுதியது:

இருவருக்கும் நன்றி. ரப்பர் இணைப்பைக் கழற்றாமல் பார்த்தபோது குறை எதுவும் தெரியவில்லை. ஆனால் நீர் தெளித்தவுடன் ஐடிலிங் மாறியதால் கிளாம்ப்பைத் தளர்த்தி வெளியே எடுத்தேன். கிளாம்ப் மறைத்திருந்த பகுதியில் அரைவட்டத்துக்கு ஒரு வெடிப்பு இருந்தது, விரலால் வளைத்தபோது வாய்போலத் திறந்துகொண்டது. புதிய இணைப்பும் புதிய ஓ-ரிங்கும் பொருத்திய பிறகு ஐடிலிங் உடனே இறங்குகிறது, வெடிப்பொலியும் பெரும்பாலும் நின்றுவிட்டது. மிதவை மட்டமும் டேப்பெட்டும் புத்தகத்தின்படியே இருக்கின்றன, டைமிங்கும் சரி. நீடில் ஜெட்டில் தேய்மானம் தெரியவில்லை.

இருப்பினும் பாதி முறுக்கில் திணறல் குறைந்திருக்கிறதே தவிர நீங்கவில்லை. நீடிலைப் பிடித்து நிறுத்தும் கிளிப் மேலிருந்து இரண்டாவது பள்ளத்தில் இருக்கிறது. ஃபில்டர் பக்கமாக உள்ள ஸ்க்ரூவை முழுவதும் மூடி, அங்கிருந்து அரைச் சுற்று மட்டும் திறந்த நிலையில்தான் ஐடிலிங் மிகச் சீராக இருக்கிறது. அதற்கு மேல் திறந்தால் இன்ஜின் தடுமாறுகிறது. பைலட் ஜெட் 17.5.

கால்முறுக்கு எழுதியது:

இப்போது நீங்கள் தந்திருப்பவை நம்பத்தக்க தகவல்கள். ஸ்க்ரூ ஃபில்டர் பக்கமாக இருப்பதால் அது காற்றை அளக்கும் ஸ்க்ரூ. திறந்தால் லீன், மூடினால் ரிச். இன்ஜின் பக்கமாக இருந்திருந்தால் அது பெட்ரோல் கலவையை அளப்பதாகி, கணக்கு தலைகீழாகியிருக்கும். ஏர் ஸ்க்ரூ ஒன்றிலிருந்து இரண்டு சுற்றுக்குள் நின்று சீரான ஐடிலிங் தர வேண்டும். உங்களுடையது அரைச் சுற்றில் நிற்கிறது என்றால், பைலட் ஜெட் தரும் பெட்ரோல் போதாமல், காற்றைக் குறைத்துச் சமாளிக்கிறது என்று பொருள். 17.5க்கு அடுத்த அளவான 20ஐப் போட்டு, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஸ்க்ரூவை மீண்டும் சரிசெய்யுங்கள்.

பாதி முறுக்குக்கு ஒரு சோதனை: திணறும் அந்த இடத்திலேயே முறுக்கை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, சோக்கை (குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பக் கலவையை ரிச் ஆக்கும் விசையை) சிறிதளவு இழுத்துப் பாருங்கள். திணறல் தெளிந்தால் லீன் என்பது உறுதி. இதற்கு எதிர்ச் சோதனையும் உண்டு. ஓடும்போதே பெட்ரோல் டேப்பை மூடினால், கிண்ணத்தின் மட்டம் இறங்க இறங்கக் கலவை லீன் ஆகிக்கொண்டே வரும், இன்ஜின் நிற்பதற்குச் சற்று முன்பு வண்டி நன்றாக ஓடினால் அதுவரை ரிச்சாக இருந்தது என்று கொள்ளலாம். இரண்டையும் ஆளில்லாத சாலையில் மட்டும் செய்யுங்கள். லீன் என்று தெரிந்தால் கிளிப்பை இரண்டாவது பள்ளத்திலிருந்து மூன்றாவதற்கு இறக்குங்கள். கிளிப் இறங்கினால் நீடில் உயரும், கலவை ரிச் ஆகும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதை எழுதி வையுங்கள்.

மிதவை மட்டம் எழுதியது:

பைலட்டையும் நீடிலையும் பற்றி மறுப்பில்லை, வரிசையைப் பற்றி மட்டும் ஒரு சொல். நான் எப்போதும் மெயின் ஜெட்டிலிருந்து தொடங்கிக் கீழே இறங்குவேன். அரை முறுக்குக்கு மேல் நீடிலின் ஆட்சியும் மெயின் ஜெட்டின் ஆட்சியும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருப்பதால், 110 போன்ற மிகையான ஜெட்டை வைத்துக்கொண்டு நீடிலைத் தேர்ந்தெடுத்தால் முக்கால் முறுக்கில் ஏமாற்றம் கிடைக்கும். ஆகவே முதலில் 100க்கு வாருங்கள். புதிய பிளக் ஒன்றைப் போட்டு, முழு முறுக்கில் சிறிது தூரம் ஓட்டி, அதே நிலையில் கிளட்சை அழுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பார்க்க வேண்டியது நுனியையன்று. பீங்கானின் அடிவேரில், உலோகத்தோடு சேரும் இடத்திலுள்ள மெல்லிய வளையத்தின் நிறத்தை. வளையமே இல்லாமல் வெளுத்திருந்தால் ஒரு படி கூட்டுங்கள், கரியாக அகன்றிருந்தால் குறையுங்கள்.

நீங்கள் நிரப்பும் பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்பதையும் கவனியுங்கள். தூய பெட்ரோலின் ஒரு பங்கை முழுமையாக எரிக்க எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. 10 சதவீத எத்தனால் கலந்தால் அது 14.1 அளவிலும், 20 சதவீதம் கலந்தால் 13.5 அளவிலும் இறங்கிவிடுகிறது. அதே ஜெட் அதே அளவு பெட்ரோலைத் தந்தாலும், கலவை லீன் பக்கம் சாய்ந்துவிடும் என்பதே இதன் பொருள். எத்தனால் வருவதற்கு முன் தயாரான வண்டிகளில் கம்பெனி அளவு ஜெட்டே சற்று லீனாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். எத்தனால் பழைய ரப்பரை உப்பவும் வைக்கும், ஆகவே கிண்ணத்தின் கேஸ்கெட்டையும் மிதவை ஊசியின் நுனியையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய இரும்பு எழுதியது:

மெயின் 100, பைலட் 20, கிளிப் மூன்றாவது பள்ளம், ஏர் ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவு. சோக் சோதனையில் திணறல் உடனே தெளிந்ததைப் பார்த்த பிறகே கிளிப்பை இறக்கினேன். கால் முதல் அரை வரை இப்போது ஒரே சீராக இழுக்கிறது. பிளக்கின் அடிவேர் வளையம் மெல்லிய பழுப்பு. மலைப்பாதைகளில் ஓட்டும் எண்ணம் இருக்கிறது. அதற்கு மீண்டும் ஜெட் மாற்ற வேண்டியிருக்குமா?

கால்முறுக்கு எழுதியது:

2000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ 18 சதவீதம் குறைவு, ஆகவே அங்கே கலவை ரிச் ஆகும், இழுவை மந்தமாகும். ஓரிரு நாள் போய்வர அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திறந்தால் ஐடிலிங் தெளியும். அங்கேயே தங்கி ஓட்டுவதானால் பழைய 95ஐக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், ஆனால் இறங்கும் முன் 100ஐத் திரும்பப் போட்டுவிட வேண்டும்; சமவெளியில் 95ஓடு முழு முறுக்கில் நெடுந்தூரம் ஓட்டினால் பிஸ்டன் தாங்காது.