அம்மாவோட இமை ஆபரேஷன்: அப்டேட்

அம்மாவுக்கு மேல் இமை தொங்கி பாதி கண்ண மறைக்குது, கத்தியா லேசரா எது சேஃப்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, ஆபரேஷன் மதுரையிலயே நல்லபடியா முடிஞ்சிருச்சு.

லேசர்ல வெட்டும்போதே ரத்தக்குழாய் அடைபடுறதால ரத்தம் கம்மியா வருமாம், ஆனா கண்ணு மேல உலோக ஷீல்டு வைக்காம பண்ணவே கூடாது, தழும்புல பெரிய வித்தியாசம் இருக்காதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அம்மாவுக்கு தோல் மட்டும் இல்ல, இமைய தூக்குற தசையே லூஸாயிருச்சு, அதனால கத்தியிலயே பண்ணி தசைய இழுத்து தச்சாங்க, மரத்துப்போற ஊசி மட்டும்தான், நடுவுல உக்கார வச்சு ரெண்டு கண்ணும் சமமா தொறக்குதான்னு பாத்தாங்க.

ஆஸ்பிரின் விஷயம் ரொம்ப முக்கியம். அம்மா இதயத்துக்கு சாப்பிடுறாங்க, ஹார்ட் டாக்டர்ட்ட கேக்காம நாமளா நிறுத்தக்கூடாது, சாப்பிடுறத கண் டாக்டர்ட்ட மறைக்கவும் கூடாது. ஏன்னா ஆஸ்பிரின் ரத்தத்த சீக்கிரம் உறைய விடாது, ரத்தம் கசிஞ்சு கண்ணுக்குப் பின்னாடி கட்டுனா நரம்பு அமுங்கி பார்வையே போயிரலாம். அபூர்வம்தான், ஆனாலும் ஆபரேஷனுக்கு அப்புறம் கடுமையான வலி, கண்ணு பிதுங்குறது, பார்வ மங்குறதுன்னா விடியட்டும்னு இருக்காதீங்க, அந்த ராத்திரியே கெளம்பிருங்க.

தோல அதிகமா வெட்டிட்டா கண்ணு முழுசா மூடாது, கருவிழி காஞ்சு புண்ணாகும், அதுக்குத்தான் கண்ணு ஏற்கனவே வறண்டிருக்கான்னு பாக்க முன்னாடியே பேப்பர் வச்சு கண்ணீர் டெஸ்ட் எடுத்தாங்க. நம்மூரு வெயிலுக்கும் புழுதிக்கும் சொட்டு மருந்து போட மட்டும் மறந்துராதீங்க.

தையல் பிரிச்சாச்சு, வீக்கம் லேசா இருக்கு, அம்மா இப்ப தலைய அண்ணாக்காம டிவி பாக்குறாங்க. மேலூர் தம்பி, பார்லர்ல பண்றாங்கன்னு கேட்டீங்களே, தயவுசெஞ்சு வேணாம்ப்பா, ஆக்குலோபிளாஸ்டி (இமை, கண்ணச் சுத்தி பண்ற ஆபரேஷன்) படிச்ச கண் டாக்டர்ட்டயே போங்க.