கரிசல் மண்ணில் வேர்ப்பூஞ்சை வித்துகள்: ஹெர்பேரியம் ஸ்லைடு கெட்டுப்போகிறது

கேள்வி: சோளக்காட்டு வேரடி மண், 15 செ.மீ. ஆழம். ஈரச் சல்லடையில் (மண்ணைத் தண்ணீரில் கரைத்துச் சலிப்பது) குளோமஸ் வகை, அதாவது வேரோடு கூடி வாழும் பூஞ்சையின், வித்துகள் கிடைக்கின்றன. பிவிஎல்ஜியில் (ஸ்லைடில் வித்தை நிலைநிறுத்தும் பாலிவினைல்-லாக்டோ-கிளிசரால் பசை) ஏற்றினால் ஒரு வாரத்தில் குமிழி, நிறமும் மாறுகிறது. ஹெர்பேரியத்தில் (தாவர, பூஞ்சை மாதிரிச் சேகரிப்பு) நிரந்தர மாதிரியாக வைக்க முடியுமா?

பதில் 1: நிறத்தை ஸ்லைடில் பார்த்து எழுதாதீங்க. வித்தைத் தண்ணீரில் போட்டு, உடனே படமெடுத்துக் குறிக்கணும். பிவிஎல்ஜியில் நிறம் கருக்கும், உள்ளே இருக்கும் எண்ணெய் தெளிந்துவிடும். குமிழிக்குக் காரணம் அவசரம். சொட்டு விட்டு வித்தை வைத்ததும் மூடாமல், 3 முதல் 5 நிமிடம் கெட்டியாக விட்டு, கவர் ஸ்லிப்பைச் சாய்த்து இறக்குங்க. 60 டிகிரியில் ஒரு நாள் காய்ந்தபின் ஓரத்தில் நெயில் பாலிஷ்.

பதில் 2: கரிசல் என்றால் களிமண்தான் தொல்லை. 50 கிராம் மண்ணை ஊறவைத்துக் கலக்கி, மணல் படிய சில நொடி விட்டு, 710 மைக்ரான், அதன் கீழ் 45 மைக்ரான் சல்லடையில் ஊற்றுங்க. தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப. வித்தைப் பிரிக்க 50% சர்க்கரைக் கரைசலில் போட்டு மையவிலக்கியில் சுழற்றினால் சீக்கிரம் கழுவிடணும். இல்லாவிட்டால் வித்து சுருங்கிப்போகும்.

பதில் 3: வயல் வித்துகளில் பல செத்தவை, சுவர் அரிக்கப்பட்டவை. அதை வைத்து இனப்பெயர் எழுதுவது சூதாட்டம். அதே மண்ணில் கிருமி நீக்கிய மணல் கலந்து சோளம் விதைத்து, நாலு மாதம் தொட்டியில் வளர்த்தால் புது வித்து வரும். ஒரு ஸ்லைடு வெறும் பிவிஎல்ஜி, இன்னொன்று அதோடு மெல்சர் கரைசல் (அயோடின் உள்ள சாயக் கரைசல்) சமபங்கு கலந்தது, இரண்டும் வேணும். எந்தப் பயிரின் வேரடி, ஜிபிஎஸ், தேதி, வயலா தொட்டியா: இவை லேபிளில் இல்லையென்றால் அது வெறும் கண்ணாடித் துண்டு.