காகித ஓவியத்தை ஃபிரேம் போட ஆலோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. சமகால மினிமலிச ஓவியர் ஒருவரின் அரூப ஓவியம் என்னிடம் இருக்கிறது. கனமான பருத்திக் காகிதத்தில் குவாஷும் (ஒளி ஊடுருவாத நீர்வண்ணம்) பென்சிலும். வெளிர் சாம்பலில் ஒரு பட்டை, அதன்மேல் நெருக்கமான பென்சில் கோடுகள், மீதியெல்லாம் வெற்றுக் காகிதம். அந்த வெறுமைதான் ஓவியத்தின் பாதி. இந்திய அரூப ஓவியர் நஸ்ரீன் முகமதியின் கோடுகள் பிடித்தவர்களுக்கு இது புரியும்.

சிக்கலும் அங்கேதான். நிறைய வண்ணம் உள்ள படத்தில் சின்னக் கறை மறைந்துவிடும், இதில் லேசான பழுப்புகூடக் கண்ணை உறுத்தும். முன்பு ஃபிரேம் போட்டவர் பின்பக்கம் சாதாரண டேப் ஒட்டியிருக்கிறார். அது மஞ்சளாகி வருகிறது. பசை முன்பக்கம் ஊறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நானே உரிக்கப் போவதில்லை, காகிதத்தின் மேல்தோல் கூடவே வந்துவிடும்.

அமிலமில்லாத மவுண்ட் போர்டு, ஓவியத்தை அதில் பிடித்துவைக்க ஜப்பானியக் காகிதக் கீல், அதை ஒட்டக் கோதுமை மாவுச்சத்துப் பசை, இவ்வளவும் முடிவு செய்துவிட்டேன். கிழிந்தது போன்ற ஓரங்களும் ஓவியத்தைச் சேர்ந்தவை. அதனால் ஓரங்களை மறைக்காமல் மிதக்கவிட்டுப் பொருத்த ஆசை. குவாஷ் கண்ணாடியில் படாமல் இடைவெளியும் வேண்டும்.

முன்னால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியா, அக்ரிலிக் தகடா? அக்ரிலிக்கின் நிலைமின்சாரம் பென்சில் துகளை இழுக்குமா? அப்புறம், பழைய டேப்பைக் காகிதப் பாதுகாப்பு நிபுணரிடம் கொடுத்து எடுத்தவர்கள் இருந்தால், கறை எந்த அளவுக்குப் போனது என்று சொல்லுங்கள்.